மண்டுவைத் தோட்டத்துல விடப் போறேன்

ஐஸு,

அந்த ஹவுஸ் ஓனரம்மா காலையில போன் பண்ணாங்க. "நாய் இல்லாம வர்றதுன்னா வாங்க, வூடு தர்றேன்"னாங்க. இந்த வூட்டை நாளைக்கே காலி பண்ணணும். வேற வழி தெரியாம சரின்னுட்டேன். நீ டூட்டி முடிஞ்சு வர்றதுக்குள்ள மண்டுவைப் பாப்பிரெட்டிப்பட்டியில உங்கண்ணன் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ நின்னா மண்டு வண்டியில ஏற மாட்டான். எனக்கும் ஏத்த மனசு வராது.

நேத்து அவங்க என்ன நாய்னு கேட்டப்ப, நீ நாட்டு நாய்னு சொன்னே. நான்தான் குறுக்க பூந்து ராட்வைலர்னு சொல்லித் தொலைச்சேன். "ஐயோ, ஆளையே கடிச்சுக் கொதறுமே, அதுங்களா?"ன்னு அவங்க எந்திரிச்சதுல இருந்து நீ எங்கிட்டப் பேசல. பின்னாடி தெரிஞ்சா வெளிய போகச் சொல்லுவாங்கன்னு பயந்துட்டேன், ஐஸு. உன் போக்குல விட்டிருக்கலாம்.

சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. சோறு ஆக்கிட்டேன், புளிக்குழம்பு அடுப்பு மேல. எனக்காகக் காத்திருக்காம சாப்பிடு.

நவநீ

கொடியில உன் மஞ்ச நைட்டியைத் தேடாத, நான்தான் எடுத்துட்டுப் போறேன். புது இடத்துல அதை விரிச்சாத்தான் அவன் படுப்பான்.