எரியாத பிரேக் விளக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

போன வாரம் இங்கே எங்கள் பட்டறையில் ஒரு லாரியின் விளக்கு ஒயர்களை அதன் டிரெய்லருக்கு இணைத்தேன். டிரெய்லரின் பிரேக் விளக்கு எரியவில்லை.

"எர்த் ஒயர் துருப்பிடிச்சிருக்கு, அரை மணி நேரம் குடுங்க" என்றேன்.

"அப்புறம் பாத்துக்கலாம், வண்டிய விடு" என்றார் முதலாளி. விட்டுவிட்டேன்.

அன்று மாலையே லாரி பிரேக் போட்டபோது, பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் டிரெய்லரில் மோதி இறந்துபோனார். "ஒயர் போட்டது இவன்தான்" என்று முதலாளி போலீசிடம் என்னைக் காட்டினார். ஊருக்குக் கிளம்பிவிடாதபடி போலீசார் என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

என் தொழிற்பயிற்சிச் சான்றிதழின் நகலை அனுப்புங்கள். அம்மாவிடம் எதுவும் சொல்லாதீர்கள். அறையில் கூடத் தங்கியிருப்பவர்கள் யாரும் இப்போது என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள்.

விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். யார் சொன்னாலும் நான் அந்த வண்டியை மறித்திருக்க வேண்டும், அப்பா.

உங்கள் மகன்