செல்வராசு எண்ணி வைத்த ஐந்து பட்டை

என் உயிரான மாப்ளே செல்வராசுக்கு,

இதை நானே எழுதுகிறேன். யாரையும் எழுதச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி ஊரிலிருந்து தினமும் வீடியோவில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். அறுபத்து மூன்று வயதில் உன் பெயரை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டும், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனாலும் உன்மேல் கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் ஷார்ஜா ஷெட்டில் முதலாளி அர்பாப் தனக்காகக் கட்டச் சொன்ன ஹாட் ராட் நினைவிருக்கிறதா? தொண்ணூறு வயதுக் காரின் கூரையைத் தாழ்த்தி, எஞ்சினைத் திறந்து வைத்து, அந்தக் காலத்து இளவட்டங்கள் வேகத்துக்காகக் கட்டியது போலவே கட்ட வேண்டும் என்றார். மலையாளத்துப் போர்மேன் ஜோஸ், காற்றுப் பை சஸ்பென்ஷன் போடலாம் என்றான். பொத்தானை அழுத்தினால் வண்டி ஏறும், இறங்கும். நீதான் ஒற்றைக் காலில் நின்றாய். முன்னால் ஒரே நீள அச்சு, அதன்மேல் குறுக்கே பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரே ஸ்பிரிங்.

"ஏறி இறங்கப் பொத்தான் வேணும்னா லிஃப்டுல போகச் சொல்லு" என்றாய். அர்பாப் சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார்.

பட்டைகளை வளைத்து, பதம் பார்த்து, கம்பியால் கட்டி வைத்துவிட்டு லீவில் போனாய். பத்து நாளில் நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தது. நெஞ்சுவலி வருகிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

ஸ்பிரிங்கை நான்தான் மாட்டினேன். போன மாதம் அர்பாப் வண்டியை எடுத்தார். ரோட்டில் வேகத்தடைக்குப் போட்ட முதல் ஹம்ப்பிலேயே முன்சக்கரம் துள்ளி, அவர் தலை கூரையில் இடித்தது. இறங்கி வந்து, "கலாஸ், முடிந்தது. காற்றுப் பையே போடு" என்றார்.

ஜோஸ் விடுவானா? "கருப்பண்ணே, உங்க கூட்டுக்காரன் போற போக்குல நமக்கு ஒரு லாரி ஸ்பிரிங் கொடுத்துட்டுப் போயிட்டான் கேட்டோ" என்றான். டீ குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வருடம் பட்டை அடித்தவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நீ கட்டி வைத்த பட்டைகளோடு ஓர் அட்டையைக் கோத்திருந்தாயே. ஏதோ அளவு என்று நினைத்தேன். உன் கையெழுத்தாயிற்றே என்று ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"மச்சான், அஞ்சு பட்டை போதும். மிச்சம் ரெண்டும் உடைஞ்சா மாத்துறதுக்கு, சேர்க்காதே. இது நெல்லு ஏத்துற வண்டி இல்ல. உன் கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும்."

ஏழு பட்டையையும் போட்டவன் நான்தான் மாப்ளே. ஊரில் லாரிக்குப் போட்ட பழக்கம். ஒன்றிரண்டு கூட இருந்தால் பலம் என்று கை தானாகப் போட்டுவிட்டது.

ஏண்டா, எழுத்து தெரியாதவனுக்கு எழுதியா வைப்பாய்? வாயால் சொன்னால் என்ன? ஷெட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். பின்னே யார் படிக்க எழுதினாய்? ரூமில் யாரிடமாவது காட்டியிருக்கலாம் என்பாய். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

சனிக்கிழமை யாரிடமும் கேட்காமல் இரண்டு பட்டையைக் கழற்றினேன். வண்டியின் பாரம் ஸ்பிரிங்மேல் இறங்கியதும், அதன் இரு முனையையும் அச்சோடு பிணைக்கிற ஷேக்கிள்கள், அதுவரை படுத்தே கிடந்தவை, நீ எப்போதும் சொல்வது போலவே பாதி எழுந்து சாய்ந்து நின்றன. அர்பாபிடம் ஒரே ஒரு ரவுண்டு கேட்டேன். அதே ஹம்ப். வண்டி ஒரு முறை அமுங்கி எழுந்து, பேசாமல் போனது. "ஹவா மாஃபி" என்றார். காற்றுப் பை வேண்டாமாம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பொறுக்கவில்லை. ஜோஸ் என் தோளில் தட்டி, "மரிச்சவன் செய்த தப்பை கருப்பண்ணன் சரியாக்கி" என்று எல்லோரிடமும் சொன்னான். அர்பாப் கை கொடுத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றேன். உன்மேல் கோபம் என்று இவ்வளவு நேரம் எழுதினேனே, எல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான்.

நாளைக் காலை டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் அந்த அட்டையைச் சத்தமாகப் படிப்பேன். கூடுதலாகப் போட்டவன் நான், படிக்கத் தெரியாமல் போட்டேன் என்று சொல்வேன். சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

உன் மச்சான்,
கருப்பையா