ஜானவாசக் கோட்டும் விளக்கெண்ணெயும்

மயிலாப்பூர்
13-3-1996

வெங்கடரமணனுக்கு,

காமாக்ஷி எழுதிக்கொண்டது. நான் சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்று உங்கள் சிநேகிதன் குருபிரசாத் சொன்னான், அதனால் விசாரிக்கவில்லை. கட்டின புருஷனைப் பெயர் சொல்லி எழுதுகிறாளே என்று முகம் சுளிக்க வேண்டாம். அங்கே இருக்கிறவள் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறாள்?

குருபிரசாத் இரண்டு வாரம் முன்னால் வந்தான். நீங்கள் கொடுத்தனுப்பிய விவாகரத்துப் பத்திரத்தை மேஜைமேல் வைத்தான். அதில் கையெழுத்துப் போட்டு, கூடவே உங்கள் ஜானவாச சூட்டையும் மடித்துக் கொடுக்கச் சொன்னீர்களாம். நியூஜெர்ஸியில் சூட்டுக்கா பஞ்சம் என்று கேட்டேன். காப்பியைக் குடித்துக்கொண்டே உளறிவிட்டான். "இல்ல மன்னி, ஜூன்ல அவா ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் பண்ணிக்கறா. அந்த சூட்டுதான் அவனுக்கு ராசியாம்" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ராசியாம்! எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பத்திரத்தைப் படித்தேன். தீராத வயிற்று நோய்க்காரி, குடும்ப வாழ்க்கைக்கு லாயக்கற்றவள் என்று நானே ஒப்புக்கொள்கிறேனாம். மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் சுருண்டு கிடந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "டிராமா போடாதே, எழுந்து சாதத்தை வை" என்றீர்கள். அப்போது டிராமா, இப்போது தீராத நோயா? நன்றாயிருக்கிறது கதை.

நோய் ஒன்றும் தீராதது இல்லை. லேடி டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு கட்டி, பயப்பட வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார். வலி மாத்திரைதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நெஞ்சு எரிகிறது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் வஜீஹா விளக்கெண்ணெய்ப் பட்டி போட்டுப் பார்க்கச் சொன்னாள். துணியை விளக்கெண்ணெயில் ஊறவைத்து அடிவயிற்றில் போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படுத்துக் கிடக்க வேண்டும். "கட்டியே கரைஞ்சுடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க டீச்சர். வலி அடங்கும், உடம்பு லேசாகும், அவ்வளவுதான்" என்றாள். கம்பளித் துணியாக இருந்தால் சூடு நிற்கும் என்றும் சொன்னாள். மெட்ராஸில் யார் வீட்டில் கம்பளி இருக்கிறது? நான் பழைய துண்டிலேயே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

சூட்டை எடுத்து வைக்கிறேன், அப்புறம் வா என்று அனுப்பினேன். குருபிரசாத் படி இறங்கிப் போனதும் பீரோவைத் திறந்தேன். கருநீல சூட். டெரிவுல் இல்லை, அசல் கம்பளி. எங்கப்பா பாண்டி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கித் துணி எடுத்தார். மாப்பிள்ளை திறந்த காரில் மாட வீதியைச் சுற்றி வரும்போது ஊர் பார்க்க வேண்டும் என்று தைத்துக் கொடுத்தார். அந்த ஒரு சாயங்காலம் போட்டீர்கள். அப்பா போனபோது நீங்கள் வரவில்லை, ஒரு வரி எழுதவும் இல்லை. கத்திரியை எடுத்தேன். கோட்டின் முதுகை மடித்துப் போட்டால் என் வயிற்றுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கிறது. வெட்டும்போது மனசு குளிர்ந்தது. சொல்ல எனக்கென்ன வெட்கம்?

சூட்டை வாங்கிப் போக உங்கம்மாவே மந்தைவெளியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார். நான் பட்டி போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அன்றைக்கு முன்பக்கத் துண்டு, பையோடு இருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. "அடிப்பாவி, எம்பிள்ளையோட ஜானவாசக் கோட்டுடீ இது!" என்று அலறினார். கோட்டு எங்கப்பா கொடுத்தது, வயிறு என்னோடது என்றேன். இன்னும் திட்டியிருப்பார். மாடி ஏறி வந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கோட்டின் கை ஒன்றை எண்ணெயில் நனைத்து அந்த முழங்காலில் சுற்றி, வெந்நீர்ப் பையை வைத்தேன். கம்பளிக்கு மடி தோஷம் இல்லை, ஆசாரம் கெடாது என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இதமாத்தான்டீ இருக்கு" என்றார். போகும்போது இன்னொரு கையையும் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "அந்துப்பூச்சி அரிச்சுடுத்துன்னு அவனுக்கு எழுதிடறேன், நீ வாயைத் திறக்காதே" என்றார். நான் செய்த காரியத்துக்குப் பூச்சி எதற்குப் பேர் வாங்க வேண்டும்? நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பத்திரத்தைக் கையெழுத்தில்லாமல் குருபிரசாத்திடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. கோட்டுப் பொத்தான்களையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ராசி அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், ஜூன் மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பேண்ட் பத்திரமாக இருக்கிறது. கோட்டு நைந்த பிறகு அதற்குக் கத்திரி வைப்பேன்.

இன்னொருத்தி வந்துவிட்டாள் என்று உண்மையை எழுதி அனுப்பியிருந்தால், அழுதுகொண்டாவது கையெழுத்துப் போட்டிருப்பேன். என் உடம்பின்மேல் பழியைப் போட்டீர்கள். இனிமேல் கிடையாது. தேனாம்பேட்டை வக்கீல் நல்லசிவத்தைப் பார்த்தேன். "நீங்க சம்மதிக்கலைன்னா அவர் இங்க வந்துதாம்மா கேஸ் நடத்தணும், அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டே போகும்" என்றார். இழுக்கட்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு நான் முதல் ஆளாக வந்து நிற்பேன்.

நாளைக்குக் காரடையான் நோன்பு. அடை தட்டி, வெண்ணெய் வைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளப் போகிறேன். புருஷன் ஒருநாளும் தன்னைவிட்டுப் பிரியக்கூடாது என்று பெண்டுகள் வேண்டிக்கொள்கிற நாள். இத்தனை வருஷமும் ஏதோ வழக்கத்துக்கு வேண்டிக்கொண்டேன். இந்த வருஷம் மனசார வேண்டிக்கொள்ளப் போகிறேன். நீங்கள் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தர்மபத்தினி,
சௌ. காமாக்ஷி வெங்கடரமணன்