இந்த வருஷம் களை ஜெயிக்கவில்லை

சந்தாபுரா, பெங்களூர்
பொங்கல் கழிந்த ஞாயிறு

அன்பு மகள் இளவேனிலுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சுனிலும் குழந்தையும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் திமிராகவே இருக்கிறோம், காரணம் கீழே வருகிறது. போனில் சொல்லக் கூடாதா என்பாய். சொன்னால் பாதியில் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய், ஜெயித்த கதையைப் பாதியில் நிறுத்த எனக்கு மனசு வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையின் சிநேகிதர் டப்ளினுக்குப் புறப்படுகிறார், அவரிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன், உள்ளே ராகி மாவு இருக்கும். கடை மாவு இல்லை, நம் நிலத்து மாவு. முதலில் அதை முகர்ந்து பார், பிறகு மேலே படி.

போன முறை நீ வந்திருந்தபோது ஆனேக்கல் தாண்டி நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோமே, ராகி எது களை எது என்று தெரியாமல் நீ முழித்தாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்குக் காரில் திரும்பி வரும்போது நீ என் கையைப் பிடித்து சத்தியம் வாங்கினாய். "இன்னும் ஒரே ஒரு வெள்ளாமை பாருங்கம்மா, அதையும் களை தின்னுச்சுன்னா நிலத்தை வித்துட்டு ரெண்டு பேரும் எங்ககூட வந்துடணும்" என்றாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை, உனக்கு அது தெரியாது. பொம்மசந்திரா கம்பெனியில் ரிடையர் ஆன பிறகு அந்த மனுஷன் எப்படி இருந்தார் என்று நீ பார்த்ததில்லை, நீ அப்போது வைட்ஃபீல்ட் ஆபீசே கதியென்று கிடந்தாய். காலையில் டிவி முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அதே நாற்காலிதான், நான் கூப்பிட்டால்கூட இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பார். இந்த ரெண்டு ஏக்கரை வாங்கிய பிறகுதான் சண்டை போடவும் சிரிக்கவும் ஆள் திரும்பக் கிடைத்தார். நிலம் போனால் போகட்டும், அவர் மறுபடி அந்த நாற்காலிக்குப் போய்விடக் கூடாதே என்றுதான் எனக்குப் பயம்.

ஆடி பிறப்பதற்கு முன்பே விதைத்தாயிற்று. நாம் கேஜிஎஃப்காரர்கள், தங்கச் சுரங்கம் தெரியும், ஏர் தெரியாது என்று பக்கத்து நிலத்து எல்லம்மாவே வந்து நின்று விதைப்பு வேலையை முடித்துக் கொடுத்தாள். இந்தப் பக்கத்து வழக்கப்படி ராகிக்கு நடுவில் சில சால் விட்டு ஒரு சால் அவரையும் போட்டாள், அக்கடி என்கிறார்கள். நல்ல மழை, ராகி முளைத்தது, அவரை முளைத்தது, கூடவே பார்த்தீனியமும் கீரைப்பூண்டும் இன்னும் பேர் தெரியாத அகல இலைச் சனியன்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன. களையெடுக்க ஆள் எங்கே கிடைக்கிறது? அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் விடிந்தால் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். அப்பா மருந்துக் கடைக்குப் போய் டூ ஃபோர் டி என்று ஒன்றை வாங்கி வந்தார். அகல இலைக் களை எல்லாம் சாகும், ராகி புல் ஜாதி, அதற்கு ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். சொன்னது நிஜம்தான். அப்பா முகமூடி, கையுறை, ரப்பர் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, முதுகில் டாங்க்கோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி வரப்பில் இறங்கினார். எனக்கு அவரைக் கொடியைப் பார்த்ததும் பகீர் என்றது. ஓடிப்போய் முன்னால் நின்றேன், ராகிக்கு ஒன்றும் ஆகாது சரி, நடுவில் நிற்கிற அவரையின் இலை என்ன ஊசி மாதிரியா இருக்கிறது, மருந்துக்குக் களை எது அவரை எது என்று யார் போய்ச் சொல்வது என்று கேட்டேன். அப்பா டாங்க்கை இறக்கி வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவரையைப் பிடுங்கிவிட்டு மருந்தடிப்பதுதான் வழி. ஆனால் போட்டவள் எல்லம்மா ஆயிற்றே. சொல்லாமல் செய்யக் கூடாது என்று நேரே போய்ச் சொன்னேன். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரைச் சாலு இல்லாத ராகிப் பொலம் எங்கனா பாத்திருக்கியாக்கா? நீ சும்மா மருந்தடிப்ப, இந்த ஆடிக் காத்துல அது என் தக்காளி மேல வந்து விழும், அப்போ யாரக் கேக்கறது?" என்றாள். கேட்டதும் எனக்கும் சுருக்கென்றது, அவள் தக்காளி நம் நிலத்துக்குக் கிழக்கே, காற்றோ மேற்கிலிருந்து அடிக்கிறது. அங்கேயே நின்று யோசித்தேன். யோசித்ததில் ஒன்று தோன்றியது. அவள் தக்காளியை ஒட்டி அகலமாக ஒரு பட்டை நிலத்துக்கு மருந்தே அடிக்க வேண்டாம், அதில் ராகியும் அவரையும் அப்படியே இருக்கட்டும், களையை நாங்கள் கையால் எடுக்கிறோம். மிச்ச நிலத்தில் அவரையைப் பிடுங்கிவிட்டு, காற்றே இல்லாத நாளாகப் பார்த்து மருந்தடிக்கிறோம். அவள் போட்ட அவரையும் கொஞ்சம் மிஞ்சும், தக்காளிக்கும் தூரம் கிடைக்கும். எல்லம்மா சரி என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் காற்று நின்றிருக்கிறதா என்று நானே வந்து சொல்கிறேன், அதற்கு முன்னால் தொடக் கூடாது என்றாள்.

ஆடிக் காற்று லேசில் நிற்குமா? தினமும் விடிகாலையில் இங்கிருந்து பஸ் பிடித்துப் போவோம், எல்லம்மா தன் முந்தானையைப் பிடித்துப் பார்ப்பாள், அது பறக்கும், திரும்பி வருவோம். களை வளர்ந்துகொண்டே போனது, முற்றிவிட்டால் மருந்துக்கும் மசியாது என்று அப்பா புலம்ப ஆரம்பித்துவிட்டார். எனக்கு நீ வாங்கிய சத்தியம்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு காலை, முந்தானை அசையவே இல்லை. எல்லம்மாவே "அடிங்கண்ணா, அடிங்க" என்று கத்தினாள். வெயில் ஏறுவதற்குள் அப்பா முடித்துவிட்டார், குளித்துவிட்டு வந்துதான் தண்ணீர் குடித்தார், அதில் மட்டும் நான் கறார்.

சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், இளவேனில், உன்னைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல இருந்தது. பார்த்தீனியம் எல்லாம் கழுத்து முறுக்கிக்கொண்டு கோணல்மாணலாகத் தொங்குகிறது, ராகி மட்டும் ஒன்றும் நடக்காதது போல நிமிர்ந்து நிற்கிறது. நான் வரப்பில் நின்று கை தட்டினேன், வெட்கமெல்லாம் படவில்லை. புல் ஜாதிக் களை மட்டும் சாகவில்லை, அதையும் அவரைப் பட்டையில் இருந்த களையையும் நாங்கள் ரெண்டு பேரும் குனிந்து குனிந்து எடுத்தோம், என் இடுப்பு இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறது. எல்லம்மா தக்காளியில் ஒரு இலைகூடச் சுருளவில்லை. அவள் பூச்சி மருந்தடிக்க நம் டாங்க்கைக் கேட்டாள், எத்தனை கழுவினாலும் அதில் களை மருந்து மிச்சம் ஒட்டியிருந்தால் தக்காளி போய்விடும் என்று தர மறுத்துவிட்டேன், அதற்கு ரெண்டு நாள் பேசவில்லை, பிறகு தானாகவே சரியாகிவிட்டாள்.

ராகிக் கதிர் ஒவ்வொன்றும் மூடின கை மாதிரி இருந்தது. போன வருஷம் சாக்கு எடுத்துப்போய் வெறும் சாக்கோடு வந்தோம், இந்த வருஷம் வண்டி வைத்து ஏற்றினோம். அறுப்பன்று எல்லம்மா தன் வீட்டு ஆட்களிடம் "கேஜிஎஃப் அண்ணன் பொலத்தப் பாருங்கடா" என்று சொன்னதை அப்பா காதில் வாங்காதது போல நின்றார், ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

குழந்தைக்கு மாவை வறுத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடு, கட்டி தட்டாமல் கிண்டு. சுனிலுக்கு முதல் நாளே களி போட்டுப் பயமுறுத்தாதே, ரொட்டியில் ஆரம்பி. நீ வேளைக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் சிரித்த முகமாக இருக்க என் ஆசீர்வாதம், அப்பாவின் ஆசீர்வாதமும்.

ஒன்றை மறந்துவிடாதே. பேத்தியைப் பார்க்க நாங்கள் நிச்சயம் வருவோம், விருந்தாளியாக. வர டிக்கெட் எடுக்கும்போதே திரும்பிப் போகும் டிக்கெட்டையும் எடுத்துவிடு. முதல் மழை விழும்போது அப்பா நிலத்தில் நிற்க வேண்டும்.

உன்னிடம் சொன்ன சொல்லில் ஜெயித்த
அம்மா ரஞ்சிதம்