குறட்டைக்கு என்ன அணி?

அன்புள்ள என்னங்க,

வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? அத்தை வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

புதுப் பள்ளிக்கூடம் பழகிவிட்டது. நேற்று உயர்வு நவிற்சி அணி நடத்தினேன். ஒன்றை உள்ளதைவிடப் பெரிதாக்கிச் சொல்வது என்று எவ்வளவு விளக்கியும் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில், "எங்க வீட்டுக்காரர் குறட்டை விட்டா கூரையே பறந்துடும்" என்றேன். கோபிக்காதீர்கள், வேறு எடுத்துக்காட்டு வாயில் வரவில்லை. வகுப்பே சிரித்தது.

கடைசி பெஞ்சு வாயாடி எழுந்தாள். "அப்போ இங்க நிம்மதியா தூங்குவீங்களா மிஸ்?"

"எங்கேம்மா தூங்குறது? அந்தச் சத்தம் இல்லாம தூக்கமே வரல."

"இதுவும் உயர்வு நவிற்சியா மிஸ்?"

கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "இல்லம்மா. இது உள்ளதை உள்ளபடி சொல்றது. இயல்பு நவிற்சி. அடுத்த பாடம்."

உங்கள் தம்பி இந்தப் பக்கம் வரும்போது என் இலக்கணப் புத்தகத்தைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே குளிர், அதனால் நீங்கள் போர்த்திக்கொள்ளும் நீலப் போர்வையும் வேண்டும். மெனக்கெட்டுத் துவைக்க வேண்டாம், அப்படியே மடித்து அனுப்புங்கள்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
டீச்சரம்மா