கலையோடு வந்த பிளாஸ்மா டிவி

செப்டம்பர் 8, திங்கள்

நேற்றுப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் இன்னும் வடியவில்லை. திருவண்ணாமலை ரோட்டைக் கடந்து என் மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போவதற்குள் பெரும்பாடு. ஆவணி வெயில் மாதிரியே இல்லை. ஊரைச் சுற்றியுள்ள பாறையெல்லாம் பகலில் சூடேறி, சாயங்காலம் ஊர் மேல் அனலைக் கொட்டுகிறது.

மதியம் ஒரு பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து மனைவி வசந்தா போன். வாசலில் குட்டி யானை வண்டி வந்து நிற்கிறதாம். ஓடிப் போய்ப் பார்த்தால் பின்னால் போர்வை சுற்றிய பிளாஸ்மா டிவி. முன்னால் டிரைவர் பக்கத்தில் என் மகள் கலை. மடியில் ஒரு பை.

அவள் கல்யாணத்துக்கு நான் சீராகக் கொடுத்த டிவி. பன்னிரண்டு வருடம் ஆகிறது. நாற்பத்திரண்டு அங்குலம். அவள் வாழப்போன அவலூர்பேட்டையில் அன்றைக்கு யார் வீட்டில் இருந்தது அவ்வளவு பெரிய டிவி? இப்போது ஆன் பண்ணினால் 'டக்' என்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது, அவ்வளவுதான். அணைந்துவிடுகிறது.

சம்பந்தி அம்மா சொல்லி அனுப்பியது: நீங்கள் போட்ட சீர், நீங்களே பார்த்துக் கொடுங்கள். பேத்தி யாழினிக்குக் காலாண்டுப் பரீட்சை, அவளை அனுப்ப முடியாது. டிவி சரியானதும் கலை டிவியோடு வந்தால் போதும்.

புதிதில்லை இது. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் இப்படித்தான் வந்தன. சாமான் நின்றால் கலையும் கூட வருவாள். நான் சரி பண்ணித் துடைத்து, ஓரிரு நாளில் இரண்டையும் திருப்பி அனுப்பிவிடுவேன். என் கைக்கு அடங்காத ரிப்பேர் எது?

நான், வசந்தா, டிரைவர், மூன்று பேர் சேர்ந்து ஹாலில் சுவரோரம் நிறுத்தினோம். பிணக் கனம். படுக்க வைக்கக் கூடாதாம், கண்ணாடி போய்விடுமாம். இடுப்பு பிடித்துக்கொண்டது. ராத்திரிச் சாப்பாடு சுண்டைக்காய்க் குழம்பு.

செப். 10, புதன்

கடை மதியம் வரைதான். பிறகு டிவி.

பின்மூடிக்கு எத்தனை ஸ்க்ரூ அப்பா. உள்ளே கடலைத்தோல் தூள் ஒரு படி இருக்கும். சம்பந்தி வீட்டில் கடலை மண்டி, வேறென்ன இருக்கும். செத்துக் காய்ந்த பல்லி ஒன்று. வசந்தா பார்த்துவிட்டுச் சகுனம் சரியில்லை என்றாள். பல்லிக்குத்தான் சரியில்லை என்றேன்.

விழுப்புரம் டிவி மெக்கானிக் பாஷா பாய்க்குப் போன் போட்டேன். இந்த ரகம் செய்வதையே எல்லா கம்பெனியும் நிறுத்திவிட்டதாம், ஸ்பேர் கிடைக்காதாம், எடைக்குப் போடச் சொன்னார். எரிச்சல். வழி கேட்டால் கருமாதிக்கு நாள் குறிக்கிறார். ஆனால் ஒன்று சொன்னார், அது நல்ல வார்த்தை: ப்ளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டரில் இருநூறு வோல்ட் அப்படியே நிற்கும், குண்டு பல்பு வைத்து இறக்காமல் கை வைக்காதீர்கள்.

வேண்டியவை: குண்டு பல்பு, ஹோல்டர், ஒயர். பெயின்ட் பிரஷ் (தூசிக்கு). வசந்தாவின் முட்டிவலித் தைலம் (எனக்கு).

புதிதாக ஒரு எல்.இ.டி. வாங்கி அனுப்பினால் என்ன என்று வசந்தா கேட்டாள். எனக்கும் அதே யோசனைதான். கலைதான் தடுத்தாள்.

"புதுசு வேணாம் நைனா. இதையே சரி பண்ணு. எவ்ளோ நாளானாலும் பரவால்ல."

பொறுப்பான பெண். அப்பன் காசு கரையக் கூடாது என்று பார்க்கிறாள். வசந்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

செப். 13, சனி

புழுக்கம். கரண்ட் போய்ப் போய் வந்தது.

பவர் போர்டு நன்றாக இருக்கிறது. மேல் போர்டு ஒன்று, கண்ணாடிக்குள் மின்சாரத்தை அனுப்புவது, அதன் ஒயரைப் பிடுங்கி ஆன் பண்ணினால் அணையாமல் நிற்கிறது. மாட்டினால் 'டக்'. ஆக, செத்தது அதுதான். கண்டுபிடித்துவிட்டேன். பாஷா பாய்க்குச் சொன்னேன், சிரித்தார், கண்டுபிடித்து என்ன பண்ணப் போகிறீர்கள் என்றார். சென்னை ரிச்சி தெருவில் பழைய போர்டு விற்பவன் நம்பர் வாங்கி, போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பிச் சொல்லியிருக்கிறேன்.

கலைதான் டார்ச் பிடித்தாள். கை அசைக்காமல் பிடிப்பாள், சின்னதிலிருந்து அப்படி. நடுவில் கேட்டாள், இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று. பாவம், குழந்தை ஞாபகம். சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்று தைரியம் சொன்னேன்.

தினம் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறாள். யாழினியோடு பேச்சு. இறங்கி வரும்போது கண் சிவந்திருக்கிறது. மாப்பிள்ளையிடமிருந்து இதுவரை ஒரு போன் இல்லை. மண்டியில் வேலை நெட்டி முறிக்கும்.

செப். 17, புதன்

புரட்டாசி பிறந்தது. மீன், முட்டை எல்லாம் மூட்டை கட்டியாயிற்று.

பார்சல் வந்தது. ஆசையாகப் பிரித்தால் வேறு நம்பர் போர்டு. துளையே பொருந்தவில்லை. ரிச்சி தெருக்காரனை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன் நிதானமாக, போட்டோவில் நம்பர் சரியாகத் தெரியவில்லை சார் என்கிறான். என் விரல் மறைத்திருந்தது. சரி.

அந்தக் கோபத்தில் பல்பு வைத்து இறக்க மறந்து கை வைத்துவிட்டேன். முழங்கை வரை யாரோ கட்டையால் அடித்த மாதிரி. பின்னால் போய் விழுந்தேன். வசந்தா கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார். ஒன்றுமில்லை, விரலில் கருப்பாக ஒரு புள்ளி, நெஞ்சு கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டது.

கலை என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, "இன்னா அவசரம் உனக்கு? நான் இங்க இருக்கறது பாரமா இருக்குதா?"

திட்டிவிட்டேன். உனக்காகத்தானே உயிரைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன், பேச்சைப் பார் என்று. முகம் சுண்டிப் போய்விட்டது அவளுக்கு. எனக்கும் சோறு இறங்கவில்லை.

செப். 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. காலையில் தர்ப்பணம். டிவி பக்கம் போகவில்லை.

நேற்று புரட்டாசி முதல் சனிக்கிழமை. வசந்தாவும் கலையும் ஆட்டோவில் சிங்கவரம் பெருமாளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். படியில் குரங்கு வசந்தாவின் பூச்சரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதாம். அதைச் சொல்லிச் சொல்லிக் கலை சிரித்தாள். சமையலறையில் இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் ஹால் வரை. இப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம். வந்ததற்குக் கன்னம் கூடக் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது.

கடைவீதியில் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் கேட்டார், பொண்ணு இன்னும் போகலியா என்று. டிவி ரிப்பேர் என்றேன். பொண்ணு டிவியைத் தூக்கிக்கினு வந்துச்சா, டிவி பொண்ணைத் தூக்கிக்கினு வந்துச்சா என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது குடைந்துகொண்டே இருந்தது.

செப். 25, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று சரியான போர்டு வந்தது. பல்பு வைத்து இறக்கி, மாட்டி, கண்ணாடியின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியபடி வோல்ட்டை மீட்டர் வைத்துத் திருகிச் சரி பண்ணி, சாமியைக் கும்பிட்டு ஆன் பண்ணினேன். 'டக்'. அணையவில்லை. ஏதோ ஒரு பாட்டு, பளீரென்று படம். சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கருப்பு எந்த எல்.இ.டி.யிலும் வராது. வசந்தா, கலை, வாங்க வாங்க என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன்.

கலை வாசற்படியில் நின்று ஒரு நொடி பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். போய்ப் பார்த்தால் கொடியிலிருந்து துணியை உருவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். பாதித் துணி ஈரம்.

ஈரத்தோடு ஏன் மடிக்கிறாய் என்று கேட்டேன்.

"சரியாயிடுச்சில்ல நைனா. நாளைக்கு வண்டிக்குச் சொல்லிடு."

அழவில்லை. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. வசந்தா பையைப் பிடுங்கி வைத்துவிட்டு, அடிக்கிறானா என்று நேராகவே கேட்டாள்.

"அடிச்சா சொல்லியிருப்பேன்மா. பேசறதில்ல. ரெண்டு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. எது வேணும்னாலும் யாழினியை விட்டுத்தான். உங்கம்மாவை சோறு போடச் சொல்லு, உங்கம்மாவை கதவைச் சாத்தச் சொல்லு. அதுவும் சொல்லும்."

ஏன் என்று கேட்டேன். அவளுக்கே தெரியாதாம். சண்டை என்று ஒன்று வந்தால்தானே. ஒருநாள் பேச்சு நின்றது, பிறகு வரவே இல்லை. மாமியாருக்குத் தெரியும், கண்டுகொள்வதில்லை.

பிறகு அவள் சொன்னது அப்படியே எழுதி வைக்கிறேன். "டிவி ஓடின வரைக்கும் வெளிய தெரியல. காலைலேர்ந்து சத்தமா ஓடும். அது நின்ன அன்னிக்கு எல்லாரும் சாப்டுட்டு இருக்கோம், வீட்ல ஒரு சத்தம் இல்ல. யாழினி கேட்டுட்டா, ஏன்ப்பா நீ அம்மாகிட்ட பேசவே மாட்றேன்னு. மறுநாளே வண்டி வந்துடுச்சி."

அதற்கு மேலும் சொன்னாள். ஓடுகிறவரை அது அவர்கள் சாமான், நின்றால் நம் சாமான். மஞ்சக்காமாலை வந்தபோது அவளை இங்கே அனுப்பினார்கள். கரு கலைந்தபோது இங்கே அனுப்பினார்கள். "நீயும் நல்லாக்கி நல்லாக்கி திருப்பி அனுப்பிச்சிட்ட."

டிவி ஹாலில் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. போய் அணைத்தேன். நாளானாலும் பரவாயில்லை என்று அவள் சொன்னதை நான் என்னவென்று நினைத்துக்கொண்டேன்! மடையன்.

செப். 26, வெள்ளி

கடைக்குப் போனேன், வேலை ஓடவில்லை. ஒரே காயிலை இரண்டு தடவை தப்பாகக் கட்டிப் பிரித்தேன்.

வசந்தா பயப்படுகிறாள். "அடிச்சான், குடிச்சான்னா நாலு பேர்கிட்ட சொல்லலாங்க. பேசலன்னு போய் சொன்னா சிரிக்க மாட்டாங்களா?" அவள் சொல்வதும் சரிதான். எந்தப் பஞ்சாயத்தில் இதை வைப்பது? கேட்கிறவன், எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான் என்பான். நானே இரண்டு நாள் முன்பு அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இன்னொரு மனசு சொல்கிறது, கலை கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாளோ, மாப்பிள்ளை கூச்ச சுபாவமோ, ஒரு தடவை நல்லபடியாகப் பேச வைத்தால் சரியாகிவிடுமோ. குழந்தை அங்கே இருக்கிறது.

நாளைக்கு டிவியோடு நான் மட்டும் போகிறேன். வண்டிக்குச் சொல்லியாயிற்று.

செப். 27, சனி

காலையில் தூறல். டிவிக்கு மேல் தார்ப்பாய். கலை வாசல் வரை வந்து, "நான்?" என்றாள். நீ இரு என்றேன். யாழினி என்றாள். வண்டியில் ஏறிவிட்டேன்.

அவலூர்பேட்டையில் சம்பந்தி அம்மா வெளியே வந்து முன்சீட்டை எட்டிப் பார்த்தாள். கலை எங்கே என்றாள். முதலில் டிவியை மாட்டிவிடுகிறேன் என்றேன். மாட்டினோம். ஆன் பண்ணினேன். மாப்பிள்ளை மண்டியிலிருந்து வந்து பார்த்து, படம் புதுசு மாதிரி இருக்கிறது மாமா என்றார். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார். யாழினி பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். லீவு விட்டாச்சு தாத்தா என்றாள்.

காப்பி குடித்தேன். பிறகு சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னேன்.

"மாப்ள, கலை கவலையா இருக்குது. ஒரு போன் போட்டு, டிவி நல்லபடியா வந்துடுச்சின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாளைக்கே கொண்டாந்து விட்டுடறேன்."

மனசார விட்டிருப்பேன். சிங்கவரத்துப் பெருமாளே, ஒரு வார்த்தை, திட்டினால் கூடப் போதும் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நம்பரைப் போட்டார். மணி அடிப்பது எனக்குக் கேட்டது. கலையின் 'ஹலோ'வும் கேட்டது.

போனைக் குழந்தையிடம் நீட்டினார். "டிவி வந்துடுச்சின்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

யாழினி தயங்கவே இல்லை. பழகிய வேலை. வாங்கிக் காதில் வைத்து, "ம்மா, டிவி வந்துடுச்சாம். அப்பா சொல்லச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்பது வயது. எனக்குப் பற்றி எரிந்தது.

துணியும் புத்தகப் பையும் எடுத்துக்கொண்டு வா என்றேன் குழந்தையிடம். எங்கே இட்டுக்கினு போறீங்க என்று சம்பந்தி அம்மா குரலை உயர்த்தினாள். அவங்க அம்மாகிட்ட என்றேன். மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

வரும்போது யாழினி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கலைக்கு இன்னும் ஒன்றும் விவரமாகச் சொல்லவில்லை, குழந்தையைப் பார்த்ததும் கேட்கவும் இல்லை அவள். வசந்தா கதவை இரண்டு தடவை தாழ் போட்டுப் பார்த்தாள். நாளைக்குச் சம்பந்தி வீட்டார் நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

வரட்டும்.