என் இடது காலை அவளிடம் கொடுத்தேன்

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். உங்களைப் பெயர் சொல்லி எழுதிப் பழக்கமில்லை. இந்த வயதில் அதைத் தொடங்கவும் உத்தேசமில்லை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் மாணவர்கள் நினைவு மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். மாமியும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று அவர்கள் சார்பில் சசி வந்து கேட்டான். உங்கள் பெருமைகளை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். காலைப் பேப்பரில் அச்சுப் பிழை இருந்தால் இன்னும் பென்சிலால் திருத்துகிறேன். அழவில்லை. எல்லோரும் அதைத் தைரியம் என்கிறார்கள். தைரியமெல்லாம் இல்லை. எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் போன அந்த மாதமே ஆஸ்பத்திரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து உங்கள் கைகளைப் பற்றிப் பேசினார்கள். உடம்பைக் கிழிக்காமல், தொடையில் ஓர் ஊசித் துளை போட்டு, அதன் வழியே மெல்லிய கம்பியை விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்கிற வேலையை இந்த ஊரில் தொடங்கி வைத்தவர்களில் நீங்கள் ஒருவர் என்றார்கள். கடைசி வரை ஒரு கம்பியைக்கூட ஜூனியர் கையில் விட்டதில்லை என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

டீ கொடுக்கும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். பிரிஸில்லா, மார்த்தாண்டத்துக்காரி. நீங்கள் ரிட்டயர் ஆகும் முன் உங்களிடம் கடைசியாகப் பயிற்சிக்குச் சேர்ந்த டாக்டர். சாரைப் பற்றி நீ ஒன்றும் பேசவில்லையே என்று கேட்டேன்.

“என்ன பேச அம்மா? சாருக்க முதுகுதான் எனக்கு நல்லா தெரியும். அத்தன நாளும் அதுக்குப் பின்னாலதான நின்னேன்.”

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். கப்பை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். கோபத்துக்கும் உடம்பில் கொஞ்சம் சூடு வேண்டும். ஆனால் ஒரு வாக்கியத்தைக் கேட்டால் அதில் எங்கே பிழை என்று தேடத்தான் கான்வென்ட்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். இதில் கிடைக்கவில்லை.

நீங்கள் எப்படிக் கற்றீர்கள் என்பது எனக்குத் தெரியும். வெளிநாட்டில் ஒரு வருஷம் இருந்தீர்கள். நோயாளியைத் தொட அனுமதியில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க மட்டும்தான் விட்டார்கள். “கண் நிறைந்துவிட்டது, கை காலியாகவே இருக்கிறது” என்று எழுதினீர்கள். திரும்பி வந்து நம் சாப்பாட்டு மேஜையில் பிளாஸ்டிக் குழாயை வளைத்து வைத்து, அதற்குள் கம்பி விட்டுப் பழகினீர்கள். குழாயின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். அப்போது அந்தக் கம்பிகள் இங்கே கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் யாராவது பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவர வேண்டும். ஒன்று மடங்கினால் அடுத்த நோயாளிக்கு இல்லை. அதனால்தான் யார் கையிலும் கொடுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கம்பிகள் தாராளமாகக் கிடைத்தன. அப்போதும் ஏன் கொடுக்கவில்லை?

மழை நின்ற பிறகு என் இடது கால் வலிக்கத் தொடங்கியது. பழவங்காடியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பிள்ளையார் கோயில் வாசலை எட்டுவதற்குள் கெண்டைக்கால் இறுகிக்கொள்ளும். நின்றால் விடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். உங்கள் நாற்காலியில் இப்போது சசிதான் இருக்கிறான். அவன் சோதித்துப் பார்த்து, தொடைக் குழாயில் அடைப்பு, கம்பி வழியே சின்ன பலூன் விட்டு ஊதித் திறந்துவிடலாம் என்றான். காசு கட்டித் தங்கும் பே வார்டில் அறை போட்டுக் கொடுத்தான். தானே செய்வதாகச் சொன்னான்.

முந்தின நாள் சாயங்காலம் என் காலில் நாடி பார்க்க வந்தவள் பிரிஸில்லா.

“நாளைக்கு நீ என்ன பண்ணுவே?” என்று கேட்டேன்.

“நிப்பேன் அம்மா.”

“எங்கே?”

“சசி சாருக்குப் பின்னால.”

சிரிக்காமல்தான் சொன்னாள். இன்னும் சில மாதங்களில் அவளுக்குப் பயிற்சி முடிகிறது. நாகர்கோவில் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை காத்திருக்கிறது. அங்கே இந்த வேலைக்கு அவள் ஒருத்திதான்.

“ஜெனரல் வார்டுல ஊசி குத்திச் சீழ் எடுக்க, டியூப் வைக்க விடுவாங்க. காலுக்க ரத்தக்குழாய்ல கம்பி விட ஒருநாளும் தந்ததில்ல. அங்க போனா நான் தனியா செய்யணும். எனக்குப் பின்னால நிக்க அங்க யாரு உண்டு?”

மறுநாள் காலை சசி வந்ததும் சொன்னேன். “கம்பியை அவ கையில கொடு. நீ பின்னால நில்லு.”

“மாமி, தமாஷ் வேண்டாம் கேட்டோ,” என்றான் தன் மலையாளத் தமிழில்.

“நான் என்னிக்குடா தமாஷ் பண்ணியிருக்கேன்?”

“நீங்க சாரோட வைஃப். என்னவாவது ஆச்சுன்னா நான் இந்த ஊர்ல தலை காட்ட முடியுமா?”

“வேற யாரோட வைஃபா இருந்தா தலை காட்டலாமா?”

 அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னான். “சார் எனக்கும் முழுசா தந்ததில்ல மாமி. அபூர்வமா தந்தாலும், கை ஒரு நிமிஷம் நின்னா உடனே வாங்கிப்பார். வாங்கினா திரிச்சுத் தரமாட்டார். சார் ரிட்டயர் ஆன பிறகுதான் எனக்குக் கை வந்தது.”

“யார் மேல வந்தது?”

 காசு கட்ட முடியாதவர்கள் படுக்கும் ஜெனரல் வார்டு எந்தப் பக்கம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

“அவளைச் செய்ய விடு. இல்லேன்னா நான் இப்பவே ஆட்டோ பிடிச்சு ஆத்துக்குப் போறேன்.”

“உங்களுக்குச் சாரே தேவலை,” என்றான் சசி. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மேஜை குறுகலானது, ஜில்லென்று இருக்கிறது. நீங்கள் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. முழு மயக்கம் கிடையாது. தொடையிடுக்கு மரத்துப்போக ஓர் ஊசி மட்டும். அந்த மரத்துப்போதல் எனக்குப் புதிதாக இல்லை. மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எக்ஸ்ரேயைத் தடுக்கும் ஈய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பிரிஸில்லா வலது பக்கம் நின்றாள். அவளுக்குப் பின்னால் சசி. வலது தொடையில் துளை போட்டு, அடிவயிறு வரை மேலே போய், இடது காலுக்குக் கம்பி இறங்க வேண்டும். மேலே போனது. இறங்கியது. அடைப்புக்கு வந்ததும் நின்றது.

“சார், போக மாட்டேங்குது.”

 விழித்திருக்கிற நோயாளிக்கு அந்த அறையில் இருக்கிற மௌனம் எல்லாம் கேட்கும். இது தெரிந்துதானா நீங்கள் வேலை செய்யும்போது ஏதாவது பாட்டை முணுமுணுப்பீர்கள்? கம்பி குழாயின் சுவரைக் கீறினால் காலே போகலாம் என்பது எனக்குத் தெரியும். உங்களோடு இத்தனை வருஷம் இருந்துவிட்டு அது கூடத் தெரியாமல் இருக்குமா?

சசி முன்னால் வந்தான். அவள் விலகினாள். கொஞ்ச நேரம் ஏதோ திருப்பினான், இழுத்தான். “ம், கடந்தாச்சு,” என்றான். முடிந்தது, இனி அவனே செய்துவிடுவான் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

“இந்தா, பிடிச்சோ.”

“சார்?”

“பலூனை நீ வை. ஞான் இங்கேதான் இருக்கேன்.”

கம்பி கை மாறியதை நான் பார்க்கவில்லை. ரப்பர் கையுறைகள் உரசுகிற சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. மிச்சத்தை அவள்தான் செய்தாள். நிதானமாகச் செய்தாள்.

பிறகு என் பாதத்தில் நாடி கிடைத்த இடத்தில் பேனாவால் பெருக்கல் குறி போட்டாள். 

“வலிச்சுதா அம்மா?”

“குறி கோணலா இருக்கு,” என்றேன். முதல்முறையாக அவள் சிரிப்பதைப் பார்த்தேன்.

இப்போது பழவங்காடியில் நிற்காமல் நடக்கிறேன். சந்தோஷமா என்றால் தெரியவில்லை. கால் நடக்கிறது. சசி இப்போது பே வார்டிலும் கேட்கிறான்: பயிற்சியில் இருக்கும் டாக்டர் செய்யலாமா, நான் கூடவே நிற்கிறேன் என்று. வேண்டாம் என்கிறவர்கள்தான் அதிகமாம். சிலர் சரி என்கிறார்கள். பிரிஸில்லா நாகர்கோவிலுக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் அச்சில் போடலாமா என்று இருவரையும் கேட்டேன். போடுங்கள் என்றார்கள். உங்களைத்தான் கேட்க முடியவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. வெளிநாட்டிலிருந்து திரும்பி, முதல்முதலாக நீங்கள் கம்பி விட்ட நோயாளி ஜெனரல் வார்டில் இருந்தவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீங்கள் சாப்பிடவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன். “கற்றுக்கொண்டேன்” என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவேயில்லை.

அவர் யார்? ஆணா, பெண்ணா? முதல் தடவை செய்கிறேன் என்று அவரிடம் சொன்னீர்களா? அவர் எழுந்து நடந்தாரா? அதனால்தானா பிறகு ஒருவரிடமும் கம்பியைக் கொடுக்கவில்லை?

வலது காலுக்கும் ஒருநாள் தேவைப்படும் என்கிறான் சசி. அன்றைக்கு மேஜையில் ஏறுமுன், இங்கே கற்றுக்கொள்ள வந்திருப்பது யார் என்று கேட்பேன். அவர் வந்து என் கண்ணைப் பார்த்து, இதை நான் செய்யலாமா என்று கேட்க வேண்டும். நான் சரி என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் படுப்பேன். இது உங்களுக்கும், எனக்குப் பெயர் தெரியாத அந்த மனிதருக்கும் நான் கொடுக்கும் வாக்கு.

இப்போதும் உங்கள் மனைவியான,
லலிதா